நார்மல் பிடிக்காத மனிதர்

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. பயமோ நாகரிகமோ காரணமில்லை. எழுதினால் சந்தோஷப்பட்டுவிடுவார். தன்னைப் பற்றி யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்தால், என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்துக்கூடப் பார்க்காமல் போட்டோ எடுத்து நாலு வாட்ஸப் குரூப்பில் போடுகிற ரகம். அந்தச் சந்தோஷத்தை என் கையால் கொடுக்க மனம் வரவில்லை. ‘அவர்’ என்று எழுதுவதுகூடப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிற பழக்கதோஷம். மரியாதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கறம்பக்குடியில் எங்களுக்கு வீடு வாடகைக்கு விட்டவர் அவர். கீழே அவர்கள் குடும்பம், மாடியில் நானும் என் கணவரும். எனக்கு அங்கே அரசுப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை வேலை. கணவருக்கு அறந்தாங்கியில் உத்தியோகம். கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. வீடு பார்க்கப் போன அன்று வாசலில் நின்றுகொண்டு எங்கள் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். சந்தையில் கிடேரிக் கன்று வாங்க வந்தவன்கூட அதைவிட வெட்கத்தோடு பார்ப்பான்.

“சார் மாநெறம். டீச்சர் அதுக்கும் ஒரு படி கீழ. பொறக்குறது நார்மலாத்தான் இருக்கும்” என்றார்.

என் கணவர் சிரித்துவிட்டார். ஏதோ ஆசீர்வாதம் பண்ணுகிறார் என்று நினைத்திருப்பார். எனக்கு அப்போதே திரும்பிப் போய்விடத் தோன்றியது. ஆனால் அந்தத் தெருவில் போர்வெல்லில் நல்ல தண்ணீர் வருகிற வீடு அது ஒன்றுதான். தண்ணீருக்காக எதையெல்லாம் சகித்துக்கொள்கிறோம்!

‘நார்மல்’ என்பது அவருடைய வாயில் வசைச்சொல். மற்றவர்கள் ‘நாசமாப் போக’ என்று சொல்கிற இடத்தில் அவர் ‘நார்மல்’ என்பார். பக்கத்து வீட்டுக்காரர் புது வண்டி வாங்கினால், “கறுப்புக் கலரு. நார்மல்.” ஊர்த் திருவிழாவுக்கு வைத்த பேனரைப் பார்த்து, “நார்மல்.” சட்டை, செருப்பு, கல்யாணச் சாப்பாடு, கலெக்டர் எல்லாம் நார்மல். உலகத்தில் நார்மல் இல்லாதவை அவருடைய கீழ்வீட்டுப் பின்னறையில் பிளாஸ்டிக் டப்பாக்களுக்குள் சுருண்டு கிடந்தன.

சார்ஜாவில் எட்டு வருஷம் இருந்திருக்கிறார். அங்கே ஒரு வளர்ப்புப் பிராணிக் கடையில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சின்ன மலைப்பாம்பு இனம் ஒன்றைப் பார்த்து மயங்கிவிட்டார். பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும் என்பதால் அதற்குப் பால் பைத்தான் என்று பெயர். ஊர் திரும்பியதும் கஜா புயல். அப்பன் வைத்த தென்னந்தோப்பு ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. மற்றவர்கள் கண்ணீரோடு புதுக் கன்று வாங்கி ஊன்றிக்கொண்டிருந்தபோது, இவர் கிடந்த மரத்தை எல்லாம் செங்கல் சூளைக்குத் தள்ளிவிட்டுப் பாம்பு வாங்கினார். அதுகளுக்கு முறையான காகிதம் உண்டா என்று நான் ஒரு தடவை கேட்டேன். “எல்லாம் இருக்கு டீச்சர்” என்றார். இருந்தால் எடுத்துக் காட்டாமல் இருக்கிற ஆள் இல்லை அவர்.

‘பால்’ என்றால் பந்து என்று தெருவில் யாருக்கும் தெரியாது. பால் குடிக்கிற பாம்பு என்றே நினைத்தார்கள். ஆடி மாதம் வந்தால் இரண்டு மூன்று பெண்கள் சொம்போடு வந்து வாசலில் நிற்பார்கள். அவர் அவர்களைக் கேலி பண்ணி விரட்டுவார். விரட்டிவிட்டுப் பாலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு டீ போடச் சொல்வார்.

அந்த அறையை எனக்கு முதல் தடவை சுற்றிக் காட்டியபோது அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே. சுவர் முழுக்க இரும்பு அலமாரி, இழுப்பறை மாதிரி தள்ளித் திறக்கிற டப்பாக்கள், அடியில் தேங்காய் நார்த்தூள், பின்னால் சூடு கொடுக்கிற பட்டை. சூடு ஒரு டிகிரி ஏறினாலோ இறங்கினாலோ கத்துகிற கருவி. கரண்ட் போனால் அந்த அறைக்கு மட்டும் இன்வெர்ட்டர். பக்கத்திலேயே சமையலறை. அங்கே அவருடைய மனைவி சித்திரை வெயிலில் அட்டையால் விசிறிக்கொண்டு தோசை சுட்டுக்கொண்டிருப்பார்.

ஒவ்வொரு டப்பாவாக இழுத்துக் காட்டினார். வாழைப்பழ மஞ்சளில் இருந்ததற்குப் பனானா என்று பெயர். பாதி உடம்பு பழுப்பும் பாதி உடம்பு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையுமாக இருந்தது பைடு.

“ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு பாருங்க, அதுக்குத்தான் வெலையே. இந்த வெள்ளை சும்மா வந்துராது டீச்சர். அப்பன்கிட்டயும் ஒளிஞ்சிருக்கணும், ஆத்தாகிட்டயும் ஒளிஞ்சிருக்கணும். ரெண்டும் சேந்தாத்தான் வெளியில வரும். மெண்டல்னு ஒரு வெள்ளைக்காரரு பட்டாணியை வச்சே இதைக் கண்டுபிடிச்சிருக்காரு. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.”

அன்று காலையில்தான் பன்னிரண்டாம் வகுப்புக்கு அதை நடத்திவிட்டு வந்திருந்தேன். தெரியும் என்று சொல்லவில்லை. சொன்னால் மட்டும் காதில் விழுந்துவிடுமா?

பாம்புக்கு எலி வேண்டும். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வெள்ளெலி வளர்ந்தது. பாம்பு அவருடையது, எலி மனைவியுடையது. மனைவிக்குத் தனலெட்சுமி என்று பெயர், தனம் என்று கூப்பிடுவார்கள். எலிக்குத் தீனி வைப்பது, மூத்திர நாற்றத்தோடு கூண்டைக் கழுவுவது, பாம்புக்குத் தண்ணீர் மாற்றுவது, டப்பா அலசுவது எல்லாம் தனத்தின் வேலை. கார் போட்டுக்கொண்டு பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வருகிற பணக்காரப் பையன்களிடம் நின்று பேசுவது அவருடைய வேலை. எலி நாற்றம் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்பார். அந்த நாற்றத்தில்தான் அவருடைய பாம்பு மொத்தமும் வளர்ந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். முட்டை பொரித்த அன்று அவருடைய கையைப் பார்த்திருக்கிறேன். எங்களையும் கீழே கூப்பிட்டிருந்தார். வாத்து முட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஓடு இல்லாமல் தோல்பை மாதிரி ஆறு முட்டைகள். நகம் வெட்டுகிற சின்னக் கத்தரியால் தோலை ஒரு நூல் அளவுக்குக் கீறினார். விரல் நடுங்கவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டார். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு தலை வெளியே வந்து நாக்கை நீட்டியது.

“வாடா தங்கம். வா சாமி. பயப்படாத, அப்பா இருக்கேன்ல” என்றார்.

குரல் அப்படி இருந்தது. என் பக்கத்தில் அவருடைய மகள் அகிலா நின்றுகொண்டிருந்தாள். பதினொன்றாம் வகுப்பு, என் மாணவிதான். என் காதுக்கருகில் வந்து மெதுவாகச் சொன்னாள்:

“எங்கப்பாவுக்கு இப்பிடியும் பேச வரும்னு இன்னைக்குத்தான் டீச்சர் தெரியுது.”

ஆறில் இரண்டு மஞ்சள். ஒன்று பைடு. மற்ற மூன்றும் காட்டில் பிறந்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படியே பழுப்பும் கறுப்புமாக, எண்ணெய் தடவிய மாதிரி மினுங்கிக்கொண்டு வந்தன. எனக்கு அவைதான் அழகாகத் தெரிந்தன. அவர் அந்த மூன்றையும் எடுத்து ஒரு கேரி பேக்கில் போட்டார். முகத்தில் இருந்த வெளிச்சம் அணைந்துவிட்டது.

“நார்மல்” என்றார்.

அதை எங்கே கொண்டுபோய் விட்டார் என்று மறுநாள்தான் தெரிந்தது. தனம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க?” என்றேன்.

“மீன் வைக்கிற தட்டுல வச்சிருக்காரு டீச்சர். ஃப்ரீசர்ல. நான் ஐஸ்கட்டின்னு நெனச்சு எடுத்துட்டேன்.”

நேராகப் போய் அவரிடம் கேட்டேன். அவர் கொஞ்சமும் கூசவில்லை. “அதுக்கும் வாராவாரம் எலி போடணும்ல டீச்சர்? வாங்க ஆள் கெடையாது. குளுருல வச்சா அப்பிடியே தூங்குற மாதிரிப் போயிரும். வலிக்காது.”

“வலிக்கும்” என்றேன். “குளிர் ரத்தப் பிராணிக்கு அது மெதுவா வர்ற சாவு. தூக்கம் இல்லை.”

“அது நீங்க புஸ்தகத்துல படிச்சது” என்றார்.

அந்தக் குடும்பத்தில் நார்மலாகப் பிறந்துவிட்ட இன்னொரு ஆள் அகிலா.

அவர் நல்ல கறுப்பு. பெண் தேடும்போது சொந்தத்தில் இருந்த எல்லாப் பெண்களையும் ஒதுக்கிவிட்டு, குடுமியான்மலையில் சின்ன விவசாயி வீட்டில் போய்த் தனத்தைப் பிடித்தாராம். நிறம் ஒன்றைப் பார்த்து. நகை வேண்டாம், பாத்திரம் வேண்டாம், பெண் மட்டும் போதும் என்று சொன்னதைத் தனத்தின் வீட்டில் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டார்கள். மகள் பிறந்தாள். குடுமியான்மலை அம்மன் பெயரைத் தாய்வீட்டில் வைத்தார்கள். பிள்ளை அப்பாவை உரித்துக்கொண்டு வந்திருந்தது. அதை அவர் மன்னிக்கவே இல்லை.

“செலவு பண்ணி வெள்ளையாப் பாத்துக் கட்டியும் நார்மல் வந்துருச்சு டீச்சர்.” இதை அவர் என்னிடம் சொன்னபோது தனம் காபி டம்ளரோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அகிலா உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்த குரல் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு மறுபடியும் ஆரம்பித்தது.

மகள் நன்றாகப் படிப்பவள். கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிக்கொள்ளத் தெரியாத பெண். ஒருநாள் வகுப்பு முடிந்து என் பின்னாலேயே வந்து கேட்டாள்: “டீச்சர், நார்மல்னா அந்த உயிருக்கு ஒண்ணுமே இல்லன்னு அர்த்தமா?”

“இல்லம்மா. அதுக்குள்ள என்ன ஒளிஞ்சிருக்குன்னு நமக்குத் தெரியலன்னு அர்த்தம்” என்றேன். சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்பதற்கு அவளுக்கு அதிகம் காரணம் கிடைத்ததில்லை.

அவருடைய வியாபார நாணயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பைடர் என்று ஒரு வகை. உடம்பு முழுக்க எட்டுக்கால் பூச்சி வலை மாதிரி கோடு. பார்க்க விசேஷம்தான். ஆனால் அந்த நிறத்தோடு சேர்ந்து நரம்பிலும் ஒரு கோளாறு வருகிறது. தலை நிற்காது. ஆடிக்கொண்டே இருக்கும். எலியைப் போட்டால் பிடிக்கத் தெரியாமல் சுவரில் போய் முட்டும். சில சமயம் மல்லாந்து விழுந்து, எது மேல் எது கீழ் என்று தெரியாமல் கிடக்கும். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பையன் அதைப் பார்த்து, “ஏங்க, இதுக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டான்.

“சேச்சே. டான்ஸ் ஆடுது தம்பி. அது நோய் இல்ல. கேரக்டர்” என்றார்.

பையன் வாங்கிக்கொண்டு போனான். நான் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எனக்கு ஒரு பங்கு கொடுத்த மாதிரி.

அகிலாவின் வலது மணிக்கட்டில் முதலில் ஒரு வெள்ளைப் பொட்டு வந்தது. வாட்ச் கட்டுகிற இடம். சுண்ணாம்பு பட்டிருக்கிறது என்று நினைத்தோம். இரண்டு மாதத்தில் அது ஐந்து ரூபாய்க் காசு அளவு ஆனது. விரல் இடுக்குகளிலும் வந்தது. நான்தான் தனத்தையும் அவளையும் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய்த் தோல் டாக்டரிடம் காட்டினேன். வெண்புள்ளி என்றார். தொற்றாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது, மருந்து எடுக்கலாம், பரவலாம், நிற்கவும் செய்யலாம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். திரும்பி வரும்போது அகிலா பஸ் ஜன்னலில் கையை நீட்டி அந்தப் புள்ளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். பயந்த மாதிரி தெரியவில்லை.

வீட்டில் தகவல் சொன்ன அன்றுதான், மகள் பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் அவள் கையைப் பிடித்துப் பார்த்திருப்பார். விளக்குக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு கையை விட்டுவிட்டுத் தன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

“ஒங்க வம்சத்துல யாருக்கோ இருந்திருக்கு” என்று தனத்தைப் பார்த்துச் சொன்னார்.

“எங்க வம்சத்துல யாருக்கும் இல்லைங்க.”

“ஒளிஞ்சிருந்திருக்கும்டி. ஒனக்கென்ன தெரியும்?”

மறுநாளிலிருந்து அகிலா பள்ளிக்கு வரவில்லை. கேட்டால் காய்ச்சல் என்றார். ஒரு வாரம் கழித்து மாமா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார். ஒரே வீட்டில் மாடியில் குடியிருக்கிற என்னிடம்! அவள் இருமுவது எனக்குக் கேட்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பைக் குப்பையில் போட்டுவிட்டு, எங்கோ ஒரு வைத்தியரைப் பிடித்து எண்ணெய் வாங்கிவந்திருந்தார். அதைப் புள்ளியில் தேய்த்துக்கொண்டு உச்சி வெயிலில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் தோல் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடுமாம்.

சனிக்கிழமை. துணி காயப்போடக் கொடி இருக்கிற பக்கம் போனேன். மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் அகிலா உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி முழங்கால்மேல் வைத்திருந்தாள். தலையில் அம்மாவின் பழைய துண்டு. சூட்டில் என்னால் வெறுங்காலை அந்தத் தரையில் வைக்க முடியவில்லை.

“அகிலா?”

“கிட்ட வராதீங்க டீச்சர். எண்ணெய் நாறும்.”

கிட்டப் போனேன். மணிக்கட்டில் பப்படம் மாதிரி கொப்புளம் எழும்பியிருந்தது. ஒன்று உடைந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. விரல்களை மடக்க முடியவில்லை.

“எத்தனை நாளாடி?”

“தெரியல டீச்சர். அப்பா கீழயிருந்து எந்திரிக்கச் சொன்னாத்தான் எந்திரிக்கணும். இன்னைக்கி மறந்துட்டாரு போல.”

அவளை இழுத்துக்கொண்டு போய் என் வீட்டுக் குழாயில் கையைக் காட்டச் சொன்னேன். தண்ணீர் பட்டதும்தான் அழுதாள். என் கணவரிடம் அவள் கையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

அவர் பாம்பு அறையில் இருந்தார். சூடு காட்டுகிற கருவியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“மேல ஒங்க பிள்ளையோட கை வெந்துபோய்க் கெடக்கு. வந்து பாருங்க” என்றேன்.

“மொதல்ல அப்பிடித்தான் இருக்கும் டீச்சர். கொப்புளம் உரிஞ்சு விழுந்தாத்தான் புதுத்தோலு கறுப்பா வரும்னு வைத்தியர் சொல்லியிருக்காரு.”

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதருக்குக் கறுப்பு வேண்டியிருந்தது.

“அது தொத்துவியாதி இல்லை. டாக்டர் சொன்னாரு, நானும் சொல்றேன். பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்புங்க.”

“ஒங்களுக்குத் தெரியுது. ஊருக்குத் தெரியுமா? வெண்குஷ்டம்பான். நாளைக்கு எவன் கட்டுவான்?”

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அருகிலிருந்த டப்பாவை நானே இழுத்துத் திறந்தேன். பைடு கிடந்தது. சுண்ணாம்பு வெள்ளை. “இதுக்கும் உடம்புல அங்கங்க நெறம் இல்லை. இதுக்குப் பேரு பைடு. ஒங்க பொண்ணுக்கு வந்தா மட்டும் குஷ்டமா?”

அவர் உண்மையிலேயே யோசித்தார். கோபம்கூட வரவில்லை. என்னுடைய மடத்தனத்தைப் பொறுத்துக்கொண்டு விளக்குகிற மாதிரி, டப்பாவைப் பதமாக உள்ளே தள்ளிக்கொண்டே சொன்னார்:

“பாம்ப வித்துரலாம் டீச்சர்.”

திரும்பினேன். வாசலில் தனம் எலித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். எப்போதிலிருந்து நிற்கிறார் என்று தெரியவில்லை. தட்டைத் தரையில் வைத்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். படியேறி என் வீட்டுக்குப் போய் மகளின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

திங்கட்கிழமை காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது தனம் மேலே வந்தார்.

“டீச்சர், டீசி வாங்க அப்பாதான் வரணுமா? அம்மா வந்தாப் போதுமா?”

“அம்மா போதுங்க” என்றேன்.

“அப்ப நானும் ஒங்ககூடவே வாரேன்.”

அன்று மத்தியானமே அம்மாவும் மகளும் புதுக்கோட்டை பஸ் ஏறிவிட்டார்கள். அங்கிருந்து குடுமியான்மலை. ஒரு பை, ஒரு தலையணை, அகிலாவின் புத்தகங்கள். அவர் பட்டுக்கோட்டைக்குப் போயிருந்தார், யாரையோ பாம்பு விஷயமாகப் பார்க்க.

சாயங்காலம் படியில் தடதடவென்று சத்தம். கதவைத் திறந்தால் அவர். மூச்சு வாங்கியது. கண் கலங்கியிருந்தது. மனைவியும் மகளும் போன செய்தியை எப்படி எதிர்கொள்ளப்போகிறார் என்று நான் ஒரு கணம் இரக்கத்தோடுகூடப் பார்த்தேன்.

“டீச்சர்! எலியை எல்லாம் தொறந்து விட்டுட்டுப் போயிட்டா டீச்சர்!”

எட்டிப் பார்த்தேன். கொட்டகையில் அத்தனை கூண்டும் திறந்து கிடந்தது. தெரு முழுக்க வெள்ளெலி. சாக்கடை ஓரம், மளிகைக் கடை மூட்டைக்கு அடியில், எதிர்வீட்டுக் கோலத்தின் மேல். தெருப் பூனைகளுக்கு அப்படி ஒரு தீபாவளி அதற்கு முன் வந்ததே இல்லை. எதிர்வீட்டுப் பாட்டி விளக்குமாறோடு அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். மகள் எங்கே, கை எப்படி இருக்கிறது என்று அவர் அன்றைக்குக் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்துக் குடுமியான்மலைக்குப் போனார். போன காரணத்தைத் தனம் எனக்குப் போனில் சொன்னார். வாசலில் நின்றுகொண்டு மைத்துனரிடம் சொன்னாராம்: “பிள்ளை இங்கிட்டே இருக்கட்டும். வைத்தியம் பாத்துக்கிட்டுப் படிக்கட்டும். ஒங்க தங்கச்சியை மட்டும் அனுப்பி வைங்க. அங்கிட்டுப் பாம்பைப் பாக்க ஆளில்ல.”

“நீங்க என்ன சொன்னீங்க?” என்று தனத்திடம் கேட்டேன்.

“அண்ணன் என் மொகத்தைப் பாத்துச்சு. வெயில்ல வந்திருக்காரு, தண்ணி குடுத்து அனுப்பி வைங்கண்ணேன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன் டீச்சர்.”

அந்த மனிதருக்கு எலி வளர்க்கத் தெரியவில்லை. வாங்கிவந்த எலிகள் செத்தன. டப்பா அலசத் தெரியவில்லை. அந்தப் பாம்புக்குக் கொஞ்சம் அசௌகரியம் என்றாலும் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். ஒவ்வொன்றாகச் சாப்பாட்டை நிறுத்திக்கொண்டன. கடைசியில் பெங்களூர்க்காரன் ஒருவன் வேன் கொண்டுவந்து மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போனான். வேன் தெருமுனை திரும்புகிறவரைக்கும் அவர் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதையும் நான் மாடியிலிருந்து பார்த்தேன். அழத் தெரியாத மனிதர் இல்லை அவர். அடுத்த மாதமே நாங்கள் வீட்டைக் காலி செய்துவிட்டோம். புது வீட்டில் உப்புத் தண்ணீர். குடித்துப் பழகிக்கொண்டோம்.

அகிலா அன்னவாசலில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள். இப்போது நர்சிங் மூன்றாம் வருஷம். கொப்புளம் வந்த இடத்தில் தழும்பு இருக்கிறது. புள்ளி நிற்கவில்லை. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வந்து, கழுத்துக்கு ஏறி, வாயைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் வந்திருக்கிறது. ஆரம்பத்தில் முழுக்கைச் சட்டையோடு திரிந்தாள். வார்டில் ஒரு நோயாளி, தன் கையை அவள் தொடக்கூடாது என்று சொன்னானாம். அன்றைக்கு விடுதிக்குப் போய் அழுதுவிட்டு, அடுத்த நாள் அரைக்கைச் சட்டையோடு அவனுக்கே ஊசி போட்டாளாம். போனில் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

போன மாதம் புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். நான் பார்க்காத மாதிரி போயிருப்பேன். அவர் “டீச்சர்” என்று கூப்பிட்டுவிட்டார். தலைக்கு நல்ல கறுப்புச் சாயம். தோளில் ஒரு பை. இப்போது கிளி வளர்க்கிறாராம். செல்போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டினார். நீலம், ஊதா, பால் வெள்ளை என்று சின்னச் சின்னக் கிளிகள். “பச்சை மட்டும் வேணாம்னு சொல்லிருவேன் டீச்சர். பச்சை நார்மல்” என்றார்.

மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பார் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். கிளிதான் வந்துகொண்டிருந்தது. நானே சொன்னேன்.

“ஒங்க மக நர்சிங் மூணாவது வருஷம். தெரியுமா?”

விரல் செல்போனில் நின்றது.

“தெரியாது” என்றார். பிறகு, “மூஞ்சிக்கு வந்துருச்சா?” என்றார்.

“வந்துருச்சு.”

கண்ணை மூடிக்கொண்டார். பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு கேவலமான மனிதரானாலும் அப்பா இல்லையா, எங்கேயோ ஒரு மூலையில் இருக்கும் என்று நினைத்து நானும் காத்திருந்தேன். கண்ணைத் திறந்தார். என்னை நேராகப் பார்த்து, உண்மையான அக்கறையோடு, தணிந்த குரலில் கேட்டார்:

“எப்பிடி வந்துருக்கு டீச்சர்? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரியாவா?”

என் பஸ் இன்னும் வரவில்லை. முன்னால் நின்ற ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.